மந்திரவாதி என்பிசி ரெடி பண்ண மூணு டர்ன் எழுதினா போதும்

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டேபிள்ல உக்காந்து கதை சொல்லி டைஸ் உருட்டி விளையாடுற கேம்) அஞ்சாவது எடிஷன், அதுலயும் 2014 ரூல்ஸ் வச்சு ஓட்டுற டிஎம்களுக்காக, அதாவது ஆட்டத்தை நடத்துறவங்களுக்காக இதை எழுதுறேன். என்பிசின்னா டிஎம் நடத்துற பாத்திரம். ஓர்க், ஓநாய், கொள்ளைக்காரன் இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல ரெடி பண்ணிடலாம், ஆனா ஸ்பெல் (மந்திரம்) போடுற ஆள்னு வந்துட்டா நிறைய பேருக்கு கை நின்னுடும், ஏன்னா ஸ்டாட் பிளாக்கை, அதாவது அந்த ஆளோட பலமெல்லாம் எழுதியிருக்கிற கட்டத்தைப் பார்த்தா பதினஞ்சு இருபது ஸ்பெல் பேரு மட்டும் வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணும் என்ன பண்ணும்னு வேற புக்கைப் புரட்டணும்.

நானும் ஒரு தடவை ரெண்டு மணி நேரம் உக்காந்து ஒரு மேஜ் (மந்திரவாதி) என்பிசியை ரெடி பண்ணேன், எல்லா ஸ்பெல்லும் படிச்சு நோட்ஸ் எடுத்து வச்சிருந்தேன். டேபிள்ல என்ன ஆச்சுன்னா இனிஷியேட்டிவ்ல (யார் டர்ன் முதல்லங்கிற வரிசை) அந்த ஆள் கடைசி, அவன் டர்ன் வர்றதுக்குள்ள ப்ளேயர்ஸ் பக்கத்து ஃபைட்டரும் ரோக்கும் சேர்ந்து முடிச்சுட்டாங்க. ஒரு ஸ்பெல் கூட வெளிய வரல. ஜெயிச்சவங்க முகத்துலயே சந்தோஷம் இல்ல, "இவ்ளோதானா?"ன்னு கேட்டாங்க, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

அப்புறம்தான் கணக்கு போட்டுப் பார்த்தேன். மேஜுக்கு சேலஞ்ச் ரேட்டிங் (எவ்ளோ ஆபத்தான எதிரிங்கிற அளவு) 6, ஆனா ஹெச்பி (உயிர்ப் புள்ளி) வெறும் 40, ஏசி (அடி விழ எட்ட வேண்டிய எண்) 12, மேஜ் ஆர்மர்ங்கிற காப்பு ஸ்பெல் போட்டிருந்தா 15. அஞ்சாவது லெவல் ஃபைட்டர் கிரேட்ஸ்வோர்டால ரெண்டு அடி அடிச்சா சராசரியா 22, ரோக் ஸ்னீக் அட்டாக்கோட ஒரு அடி அடிச்சா 18. கூட்டினா சரியா 40. இந்தப் பக்கம் பார்த்தா அவன் கையில மொத்தம் 14 ஸ்லாட் (ஒரு நாளைக்கு ஸ்பெல் போடுற தடவை) இருக்கு. சண்டை ஓடுறது பெரும்பாலும் மூணு இல்ல நாலு ரவுண்டு, சேலஞ்ச் ரேட்டிங் கணக்கு போடுறப்பவே முதல் மூணு ரவுண்டு டேமேஜைத்தான் எடுத்துக்கிறாங்க. அப்ப 14 ஸ்லாட்டுக்கும் திட்டம் போட்டு என்ன பண்றது? மூணு டர்ன், ஒரு ரியாக்ஷன் (எதிராளி ஏதாவது செய்யும்போது உடனே காட்டுற பதில்), எப்ப ஓடுவான்னு ஒரு வரி, இவ்ளோதான் நீங்க எழுதணும்.

ஆனா ஸ்பெல்லை தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆள் எதைக் காப்பாத்துறாங்கன்னு முடிவு பண்ணுங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமான வேலை. உதாரணத்துக்கு ஒரு பழைய நூலகத்தைக் காக்குற மந்திரவாதி அம்மா, உயிரே போனாலும் புத்தகம் அழியக்கூடாதுன்னு நினைக்கிறவங்க. இவங்க ஃபயர்பால் போடவே மாட்டாங்க, ஏன்னா அது அந்த இடத்துல யாரும் கையில வச்சிருக்காத, தீப்பிடிக்கிற எல்லாத்தையும் எரிச்சுடும்னு ஸ்பெல்லுலயே எழுதியிருக்கு. அதனால மேஜ் ஸ்டாட் பிளாக்கை எடுத்துக்கோங்க, ஃபயர்பாலைத் தூக்கிட்டு அதே மூணாவது லெவல்ல டிஸ்பெல் மேஜிக் (மத்த மந்திரத்தைக் கலைக்கிற ஸ்பெல்) வைங்க. ஃபயர் போல்ட்டும் எரிக்கும், அதுக்குப் பதிலா ரே ஆஃப் ஃப்ராஸ்ட். ஐஸ் ஸ்டார்ம், கோன் ஆஃப் கோல்ட் ரெண்டும் ஏற்கனவே லிஸ்ட்டுல இருக்கு. ரெண்டு மாத்தம்தான், அந்தம்மா பனி மந்திரவாதி ஆயிட்டாங்க, ஏன் பனிங்கிறதுக்கு காரணமும் கதைக்குள்ளயே இருக்கு, ப்ளேயர்ஸ் அதைக் கண்டுபிடிச்சா "நீங்க சண்டைய நிறுத்தலன்னா இந்த அலமாரிய கொளுத்திடுவேன்"னு மிரட்டவும் முடியும், அந்த மாதிரி ஒரு கதவு திறந்திருக்கிறது எவ்ளோ நல்லா இருக்கும்.

அடுத்து கான்சென்ட்ரேஷன், அதாவது ஒரு ஸ்பெல் நிக்கிறதுக்கு கவனத்தை விடாம வச்சிருக்கிறது. இங்கதான் டிஎம்கள் அதிகமா தடுக்கி விழுறாங்க. மேஜோட லிஸ்ட்டுல ஃப்ளை, சஜஷன், கிரேட்டர் இன்விசிபிலிட்டி மூணுமே கான்சென்ட்ரேஷன், ஒரு நேரத்துல ஒண்ணுதான் நிக்கும், பறந்துக்கிட்டே மறைஞ்சிருக்கறதுங்கிறது நடக்காது. முன்னாடியே ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அதுக்கு ஒரு வட்டம் போட்டு வைங்க. அடி விழும்போதெல்லாம் கான்ஸ்டிடியூஷன் சேவ் (தாக்குப்பிடிக்க டைஸ் உருட்டுறது), டிசி (எட்ட வேண்டிய எண்) 10 இல்ல டேமேஜ்ல பாதி, எது பெருசோ அது. இந்த அம்மாவுக்கு நான் கிரேட்டர் இன்விசிபிலிட்டிதான் வைப்பேன். அவங்களை அடிக்க வர்றவங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி சின்னதை எடுக்கிறது)ங்கிறது ஒரு பக்கம், கவுன்டர்ஸ்பெல் (அடுத்தவங்க ஸ்பெல்லைத் தடுக்கிற ஸ்பெல்) போடணும்னா ஸ்பெல் போடுறதை கண்ணால பார்க்கணும்ங்கிறது இன்னொரு பக்கம், மறைஞ்சிருக்கிறவங்களை உங்க பார்ட்டி (ப்ளேயர்ஸ் கூட்டம்) விஸார்ட் கவுன்டர் பண்ண முடியாது. ஆனா மறைஞ்சா மட்டும் எங்க இருக்காங்கன்னு தெரியாம போயிடாது, ஹைட் பண்ணலன்னா இடம் தெரியும், குத்துமதிப்பா வெட்டலாம். அதனால ஒவ்வொரு டர்னும் இடம் மாத்துங்க.

இப்ப மூணு டர்ன். காலையிலேயே மேஜ் ஆர்மர் போட்டாச்சு, எட்டு மணி நேரம் நிக்கும், கான்சென்ட்ரேஷன் வேணாம், ஒரு ஸ்லாட்டைக் கழிச்சுக்கோங்க. முதல் டர்ன் கிரேட்டர் இன்விசிபிலிட்டி, உடனே மாடி வராந்தாவுல வேற பக்கம் நகர்றாங்க. ரெண்டாவது டர்ன் கோன் ஆஃப் கோல்ட், 8டி8 (எட்டுப் பக்க டைஸ் எட்டு), சராசரி 36, சேவ் டிசி 14. மூணாவது டர்ன் ஐஸ் ஸ்டார்ம், சராசரி 23, தரையும் வழுக்கும். ரியாக்ஷன் ஒரு ரவுண்டுக்கு ஒண்ணுதான், ஷீல்டா கவுன்டர்ஸ்பெல்லான்னு முன்னாடியே எழுதி வைங்க, ஹெச்பி 40 இருக்கிற ஆளுக்கு பெரும்பாலும் ஷீல்டுதான், ஏசி 20 ஆயிடும். ஹெச்பி 15க்கு கீழ போனா மிஸ்டி ஸ்டெப் (போனஸ் ஆக்ஷன்ல சட்டுன்னு இடம் மாறுற ஸ்பெல்) போட்டு கதவுக்கு வெளிய, மிச்ச ஆக்ஷன்ல டேஷ் (கூடுதலா ஓடுறது). போனஸ் ஆக்ஷன்ல ஸ்பெல் போட்டா அதே டர்ன்ல ஆக்ஷனுக்கு கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத சின்ன ஸ்பெல்) மட்டும்தான் போடலாம்ங்கிற ரூல் நிறைய டேபிள்ல விட்டுப்போகுது, டேஷ் பண்றதுக்கு அந்தத் தடை இல்ல.

கோன் ஆஃப் கோல்ட் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். அஞ்சாவது லெவல் விஸார்டுக்கு ஹெச்பி 30 சொச்சம்தான் இருக்கும், சேவ் போச்சுன்னா ஒரே அடியில விழுந்துடுவாங்க. விழட்டும், ஆனா எதிர்பார்க்காம விழக்கூடாது. முதல் ரவுண்டுலயே ஜன்னல் கண்ணாடியில பனி படருது, மூச்சு விட்டா புகையா வருதுன்னு சொல்லிடுங்க, கூட்டமா நிக்கக்கூடாதுன்னு புரிஞ்சுக்கிட்டா அது அவங்க புத்திசாலித்தனம். இன்னும் முன்னாடியே, நூலகத்துக்கு வர்ற வழியில உறைஞ்சுபோன ஒரு திருடன் உடம்பு, அவன் கையில கருகாம பத்திரமா இருக்கிற புத்தகம், இது மாதிரி ரெண்டு மூணு தடயம் வச்சா போதும்.

தனியா மட்டும் நிறுத்தாதீங்க. நாலு பேர் நாலு டர்ன் எடுக்கிறப்ப இவங்களுக்கு ஒரே டர்ன், தாங்காது. கீழ ஒரு அனிமேட்டட் ஆர்மர் (தானா நடமாடுற கவசம்) வைங்க, ஏசி 18, ஹெச்பி 33, வழிய மறைச்சுட்டு நிக்கும். அஞ்சாவது லெவல் நாலு பேருக்கு ஒண்ணு போதும், ரெண்டு வச்சா கணக்குப்படி டெட்லி (ரொம்ப ஆபத்து)ங்கிற அளவுக்குப் போயிடும், ஆறாவது லெவல்னா ரெண்டு வைக்கலாம். கோன் ஆஃப் கோல்டுல அந்த ஆர்மரும் நொறுங்கும், இந்த அம்மா அதைப் பத்தி கவலைப்பட மாட்டாங்க.

கவுன்டர்ஸ்பெல் இருக்கிற பார்ட்டின்னா ஸ்பெல் பேரை முதல்ல சொல்லாதீங்க. "கையை விரிச்சு ஏதோ முணுமுணுக்கிறாங்க"ன்னு சொல்லிட்டு ரெண்டு செகண்ட் நிறுத்துங்க, யாரும் ஒண்ணும் சொல்லலன்னா அப்புறம் பேரைச் சொல்லி டைஸ் உருட்டுங்க. ப்ளேயரை மொத்தமா உக்கார வைக்கிற ஸ்பெல், ஹோல்டு பர்சன் மாதிரி, நான் ரொம்ப யோசிச்சுத்தான் போடுவேன், வேலை முடிச்சுட்டு வாரத்துல ஒரு நாள் விளையாட வர்ற மனுஷன் அரை மணி நேரம் சும்மா இருக்கிறதைப் பார்க்க எனக்கு மனசு வராது. கமாண்ட், சஜஷன் மாதிரி ஸ்பெல்னா மாட்டிக்கிட்டவருக்கும் நடிக்க ஏதாவது கிடைக்கும்.

லெவல் கம்மியான பார்ட்டின்னா கல்ட் ஃபெனாட்டிக் ஸ்டாட் பிளாக்கை எடுங்க, ஹெச்பி 33, சேலஞ்ச் ரேட்டிங் 2. முதல் டர்ன் ஸ்பிரிச்சுவல் வெப்பனும் சேக்ரட் ஃப்ளேமும், அடுத்த டர்ன்ல இருந்து ஆயுதம் ஒரு பக்கம் அடிக்கும், இவர் இன்ஃப்ளிக்ட் வூண்ட்ஸ் போடுவார். 2014 ரூல்ஸ்ல ஸ்பிரிச்சுவல் வெப்பனுக்கு கான்சென்ட்ரேஷன் கிடையாது. 2025ல வந்த புது மான்ஸ்டர் மேனுவல் வச்சிருக்கீங்கன்னா இன்னும் சுலபம், ஸ்லாட் கணக்கை எடுத்துட்டு நாளைக்கு இத்தனை தடவைன்னு போட்டுட்டாங்க, ஆனாலும் மூணு டர்ன் எழுதுற வழக்கத்தை விடாதீங்க.

இது எல்லாம் ஒரு போஸ்ட்கார்டு சைஸ் அட்டையில அடங்கிடும். அட்டையோட பின்பக்கம் அவங்க ஸ்பெல்புக்ல என்ன இருக்குன்னு எழுதுங்க, ஏன்னா ஜெயிச்ச உடனே பார்ட்டி விஸார்ட் கேக்கிற முதல் கேள்வி அதுதான். காப்பி பண்ண ஒரு ஸ்பெல் லெவலுக்கு ரெண்டு மணி நேரம், 50 கோல்டு (தங்க நாணயம்), கவுன்டர்ஸ்பெல் வேணும்னா ஆறு மணி நேரமும் 150 கோல்டும் ஆகும். கோன் ஆஃப் கோல்டு இருக்கிற பக்கத்தை அஞ்சாவது லெவல்ல காப்பி பண்ண முடியாது, ஆனா புத்தகம் கையில இருக்கும், ஒன்பதாவது லெவல் வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்தை அவர் திருப்பித் திருப்பி பார்த்துட்டே இருப்பார்.