மாலுமிச் சட்டை, அரைக்கால் டிரவுசர்: காலம் தப்பாமல் தைக்க

சிறுவர்களுக்கான பழைய பாணி மாலுமி உடையைத் தைப்பவர்கள் காலரில்தான் முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். ஆனால் உடை எந்தக் காலத்தது என்பதைக் காட்டிக்கொடுப்பது டிரவுசர்தான். காலர் பல பத்தாண்டுகள் அதிகம் மாறாமல் இருந்தது. டிரவுசரின் நீளமும் கால் முனையும் மாறிக்கொண்டே போயின. அதனால் கத்தரியை எடுக்கும் முன் காலத்தை முடிவு செய்யுங்கள்.

1846-இல் விக்டோரியா அரசியின் மூத்த மகன் ஆல்பர்ட் எட்வர்டுக்கு வயது நான்கு. அரச குடும்பத்தின் கப்பலில் அவனுக்கென்று மாலுமி உடை ஒன்று சின்ன அளவில் தைக்கப்பட்டது. வின்டர்ஹால்டர் அதை அணிந்த நிலையில் அவனை ஓவியமாகத் தீட்டினார். அந்த உடை கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இருப்பது அரைக்கால் டிரவுசர் அல்ல. கணுக்கால் வரை நீண்டு கீழே அகலும் வெள்ளை முழு டிரவுசர். முழங்காலுக்குக் கீழே பட்டி வைத்துச் சுருக்கிய நிக்கர்பாக்கர் 1860-களில் சிறுவர்களிடம் பரவியது. பட்டியில்லாமல் முழங்காலில் நேராக முடியும் டிரவுசர் நூற்றாண்டின் இறுதிக்குள் சாதாரணமாகிவிட்டது. 1920-களில் விளிம்பு முழங்காலுக்கு மேலே ஏறியது. தொடை தெரியும் குட்டை டிரவுசரோடு 1880-ஆம் ஆண்டு உடை என்று மேடையேற்றினால், விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

கீழே உள்ள அளவுகள் 1900-ஐ ஒட்டிய உடைக்கானவை. உயரம் 116 செ.மீ., மார்பு 60, இடுப்பு 55 உள்ள ஆறு வயதுச் சிறுவனுக்குப் பொருந்தும்.

துணி: 150 செ.மீ. அகலமுள்ள கருநீல செர்ஜ் (சாய்வரி நெசவுக் கம்பளித் துணி) அல்லது கெட்டியான பருத்தி டுவில் 1.5 மீட்டர். 5 மி.மீ. வெள்ளைப் பருத்தி நாடா 5 மீட்டர். வெள்ளை நாடாவில் நீலச் சாயம் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. பருத்தித் துணியைத் தண்ணீரில் நிறம் இறங்குவது நிற்கும் வரை அலசிய பிறகே வெட்டுங்கள். நாடாவையும் வெந்நீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் நாடா மட்டும் சுருங்கி, காலரை அலை அலையாக இழுத்துவிடும். கம்பளி செர்ஜை வெந்நீரில் போடக் கூடாது. ஈரத்துணி விரித்து ஆவியில் இஸ்திரி போட்டால் போதும்.

இனி காலர். முன்பக்க, முதுகுப் பேட்டர்ன்களைத் தோள் தையல் கோட்டில் சேர்த்து வையுங்கள். கழுத்துப் பக்கம் முனைகள் சரியாகத் தொடட்டும். கைப்பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்று 1.5 செ.மீ. ஏற வேண்டும். காலரின் வெளி ஓரத்தை இது சற்றுக் குறைக்கிறது. அதனால் காலர் கழுத்தில் லேசாக எழும்பி உருண்டு விழும். இப்படி ஏற்றாமல் வெட்டினால் காலர் தட்டையாகப் படுத்து, கழுத்துத் தையல் வெளியே எட்டிப் பார்க்கும். கழுத்துக் குழியிலிருந்து நடுமுதுகில் 15 செ.மீ. இறக்கி, அங்கிருந்து பக்கவாட்டில் 13 செ.மீ. கோடு போடுங்கள். அந்த மூலையிலிருந்து தோள் வரை நேராக ஏறி, பிறகு முன்கழுத்தின் கூர்முனைக்குச் சாய்வாக இறங்குங்கள். நடுமுதுகில் தையல் வராதபடி துணியை மடித்து வெட்ட வேண்டும். மேல் காலர் அடிக் காலரைவிட எல்லா ஓரத்திலும் 2 மி.மீ. பெரிதாக இருந்தால் ஓரத் தையல் அடிப்பக்கம் ஒதுங்கும். விறைப்புக்காக உள்ளே வைக்கும் கேன்வாஸ் வேண்டாம், இந்தக் காலர் துவண்டு விழுவதுதான் அழகு.

நாடாவை மேல் காலரில் மட்டும், அதுவும் இரண்டு காலரையும் இணைக்கும் முன்பே தைக்க வேண்டும். மொத்தம் மூன்று வரிகள். முடிந்த ஓரத்திலிருந்து 1.2 செ.மீ. உள்ளே முதல் வரி. வரிகளுக்கு இடையே 4 மி.மீ. முதலில் நாடாவின் வெளி விளிம்பைத் தையுங்கள். மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, அழுத்துக்காலைத் தூக்கித் துணியைத் திருப்பி, நாடாவை மூலைவாட்டில் மடித்துத் தொடருங்கள். பிறகு உள் விளிம்பு. இரண்டு தையலும் ஒரே திசையில் போக வேண்டும். எதிரெதிராகப் போனால் நாடா முறுக்கிக்கொண்டு குறுக்கே சுருக்கம் விழும். இஸ்திரிக்கும் அது போகாது.

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் மூன்று வெற்றிகளுக்காகத்தான் மூன்று வரிகள் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குப் பொதுச் சீருடை வந்ததே 1857-இல்தான். நெல்சன் இறந்து 52 ஆண்டு கழித்து. கறுப்புப் பட்டுக் கழுத்துத்துணி அவருக்கான துக்கக் குறி என்பதும் தவறு. அவர் உயிரோடு இருந்தபோதே மாலுமிகள் அதைக் கட்டியிருந்தார்கள்.

மேல்சட்டையின் கூர்கழுத்தை வெட்டியவுடன், துணியை வேறெதற்கும் தூக்கும் முன், ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே ஒரு வரி தையல் போட்டுவிடுங்கள். சாய்வாக வெட்டிய ஓரம் கை பட்டாலே நீளும். நீண்ட கழுத்தில் காலரின் இரு முனைகளும் ஒரே இடத்தில் சந்திக்கவே மாட்டா. கூர்முனையில் தையலுக்கு 1 மி.மீ. மிச்சம் வைத்துக் கத்தரியுங்கள். காலரைக் கழுத்தின் மேல் வைத்து, அதன்மேல் 3 செ.மீ. அகலத்தில் சாய்வாக வெட்டிய கிராஸ் துண்டு வைத்துத் தைத்து உள்ளே மடித்தால் கழுத்து முடிந்தது.

இங்கேதான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். முதுகுக் கழுத்து 12 செ.மீ., முன்பக்கச் சாய்வுகள் பதினாறு பதினாறு என்றால் மொத்தத் திறப்பு 44 செ.மீ. ஆறு வயதுத் தலையின் சுற்றளவோ 52-ஐ ஒட்டி இருக்கும். கூர்முனைக்குக் கீழே 8 செ.மீ. பிளவு வெட்டிப் பட்டி வைத்தால் திறப்பு 60 ஆகும். தலை தாராளமாக நுழையும். பிளவைக் கொக்கி வைத்து மூடலாம், மேலே கழுத்துத்துணியின் முடிச்சு மறைத்துவிடும். கழுத்துத் திறப்பில் தெரியும் கோடு போட்ட துண்டைத் தனியாகத் தைத்து, காலருக்கு அடியில் நான்கு பட்டன்களில் மாட்டுங்கள். அழுக்கானால் அதை மட்டும் கழற்றித் துவைக்கலாம்.

மேல்சட்டையின் அடி ஓரத்தில் 2 செ.மீ. மடிப்புக்குள் நாடா கோத்து, இடுப்பில் சுருக்கிக் கட்டித் தொளதொளவென்று விழ விடுங்கள். அதற்காக நீளத்தை இடுப்புக்குக் கீழே 8 செ.மீ. கூட்டி வெட்ட வேண்டும்.

டிரவுசருக்குப் பக்கவாட்டு நீளத்தை இடுப்பிலிருந்து முழங்கால் சில்லின் அடிவிளிம்பு வரை எடுங்கள். சில்லின் நடுவோடு நிறுத்தினால் நடக்கும்போதே மேலே ஏறி, 1920-களின் உடை போலத் தெரியும். பின்பக்க இடுப்புக்கோட்டை முன்பக்கத்தைவிட 2 செ.மீ. உயர்த்துங்கள், உயர்த்தாவிட்டால் குனியும்போது தொடைச்சந்து இழுத்துப் பிடிக்கும். அடியில் 5 செ.மீ. மடிப்பு விட்டால் அடுத்த ஆண்டு இறக்கிவிடலாம். நிக்கர்பாக்கராகத் தைப்பதென்றால் முழங்காலுக்குக் கீழே 8 செ.மீ. கூட்டி, கீழ்க்காலின் சுற்றளவோடு 2 செ.மீ. சேர்த்துப் பட்டி வெட்டுங்கள். அதைவிட இறுக்கமானால் காலில் தடம் விழும், தளர்ந்தால் கணுக்காலுக்கு நழுவும்.

ஜிப் வேண்டவே வேண்டாம். அது உடைகளில் பரவியது 1930-களில். சின்னப் பையன்களின் டிரவுசர் உள்சட்டையிலேயே பட்டனால் மாட்டப்பட்டது. இடுப்புப் பட்டியில் எட்டு காஜா எடுத்து, கையில்லாத பருத்தி உள்சட்டையின் இடுப்பைச் சுற்றி எட்டு பட்டன் தையுங்கள். பட்டன் இருக்கும் இடத்தில் உள்ளே இரட்டைத் துணி கொடுக்க மறக்காதீர்கள், டிரவுசரின் முழு எடையும் அந்த எட்டு இடங்களில்தான் தொங்குகிறது.