அகதிகள் பற்றிய பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அகதிகள் என்றதும் நம்மில் பலருக்கு மத்தியதரைக் கடலில் தத்தளிக்கும் படகுதான் கண்முன் வருகிறது. அந்தப் படகை வைத்தே மொத்தக் கணக்கையும் போட்டுவிடுவது முதல் தவறு. ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி, 2024 இறுதியில் போராலும் துன்புறுத்தலாலும் இடம்பெயர்ந்திருந்தவர்கள் 12.32 கோடி பேர். அதில் 7.35 கோடி பேர் எல்லையையே தாண்டவில்லை. தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாடுகளோடு நின்றுவிட்டார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது மக்கள் திரண்டு ஓடியது சாடுக்கும் எகிப்துக்கும் தெற்கு சூடானுக்கும்தான். பணக்கார நாடுகள் திணறுகின்றன என்று பேசுபவர்கள் ஏழை நாடான சாடின் வரவு செலவையும் ஒரு தடவை பார்க்கலாம்.

அடுத்தது, “திருட்டுத்தனமாக நுழைந்தவன் எப்படி அகதி ஆவான்?” என்ற கேள்வி. நியாயமாகத்தான் ஒலிக்கும். ஆனால் துரத்தும் அரசிடமே போய்க் கடவுச்சீட்டு கேட்க முடியுமா? தஞ்சம் கேட்பதற்கென்று விசா கொடுக்கும் தூதரகங்களும் அநேகமாக இல்லை. இதை உணர்ந்தே 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, தன் 31ஆவது பிரிவில், அனுமதியின்றி நுழைந்ததற்காக அகதியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. நிபந்தனைகளும் உண்டு: ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், தாமதிக்காமல் அதிகாரிகள் முன் நிற்க வேண்டும், நுழைந்ததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

“முதலில் கால் வைத்த பாதுகாப்பான நாட்டிலேயே தஞ்சம் கேட்டாக வேண்டும்” என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. உடன்படிக்கையில் அப்படி ஒரு விதி கிடையாது. முதலில் நுழைந்த நாடே பெரும்பாலும் மனுவை விசாரிக்க வேண்டும் என்னும் ஐரோப்பிய நாடுகளின் டப்ளின் விதி, அவை தமக்குள் செய்துகொண்ட பங்கீடு. அதற்காக, விரும்பிய நாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அகதிக்கு இருக்கிறது என்று மறுகோடிக்குப் போய்விடவும் கூடாது. அமெரிக்காவும் கனடாவும் 2004 முதல் ஓர் ஒப்பந்தப்படி, ஒன்றின் வழியாக மற்றதற்கு வந்து தஞ்சம் கேட்பவர்களில் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்புகின்றன. 2023இல் அது நில எல்லை முழுவதற்கும் விரிந்தது.

தஞ்ச மனு தள்ளுபடியானவர் எல்லாம் பொய்யர் என்ற முடிவையும் விட்டுவிடுங்கள். சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்தும், இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்று உடன்படிக்கை ஏற்கும் ஐந்து காரணங்களுக்குள் அது அடங்காமல் போகலாம்.

அரசின் அறிவிப்பையே விளைவாக எடுத்துக்கொள்வதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. தஞ்சம் கேட்போரை ருவாண்டாவுக்கு அனுப்புவோம் என்று பிரிட்டன் 2022 ஏப்ரலில் அறிவித்தது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்குப் புறம்பானது என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய அரசு திட்டத்தையே கைவிட்டது. கட்டாயமாக அனுப்பப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. செலவு சுமார் 70 கோடி பவுண்டு என்று உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஒரு திட்டம் வென்றது என்று சொல்ல, வருகை குறைந்தால் மட்டும் போதாது. கடல் தாண்டி வருபவர்களைத் துருக்கிக்கே திருப்பி அனுப்ப 2016இல் அந்நாட்டோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்த ஏற்பாட்டுக்குப் பின் கிரேக்கத் தீவுகளுக்கு வருவோர் வெகுவாகக் குறைந்தார்கள். வந்தவர்களோ லெஸ்போஸ் தீவின் மோரியா முகாமில், அது 2020 செப்டம்பரில் எரிந்துபோகும் வரை, நெரிசலில் கிடந்தார்கள்.

உடன்படிக்கையில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். கையெழுத்திடாத வங்கதேசம் மியான்மரிலிருந்து தப்பி வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களை வைத்திருக்கிறது. கையெழுத்திட்ட ஆஸ்திரேலியா படகில் வந்தவர்களைப் பசிபிக் தீவு நாடான நவ்ருவுக்கும் பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த மானுஸ் தீவுக்கும் அனுப்பியது. மானுஸில் அவர்களை அடைத்து வைத்தது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2016இல் தீர்ப்பளித்தது பாப்புவா நியூ கினியின் உச்ச நீதிமன்றம்.