'ஆபத்தானவர்' என்று எழுதும் முன்: தடயவியல் மனநலத்தில் முதுநிலை படிக்க வருகிறவர்களுக்கு

மனநல வார்டில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்த பிறகுதான் தடயவியல் நடத்தை அறிவியலும் மனநலமும், அதாவது குற்றமும் சட்டமும் மனநலமும் சந்திக்கும் துறையை, படிக்கப் போனேன். முதல் செமஸ்டர் பயிற்சி அறிக்கையில் 'இவர் ஆபத்தானவர்' என்று எழுதியிருந்தேன். வழிகாட்டி அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் நான்கு கேள்விகளை எழுதித் தந்தார். யாருக்கு? எப்போது? எந்தச் சூழ்நிலையில்? எது மாறினால் குறையும்? மீதிப் படிப்பு முழுக்க அந்த நான்குக்கும் பதில் எழுதப் பழகியதுதான்.

சேரும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். இந்தப் பட்டம் மட்டும் இருந்தால் உளவியலாளராகப் பதிவு செய்ய முடியுமா என்று உங்கள் நாட்டின் பதிவு அமைப்பிடமே கேளுங்கள். பல இடங்களில் முடியாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். இன்னொன்று, மேற்பார்வையோடு அறிக்கை எழுத வைப்பார்களா என்பது. விளம்பரம் முழுக்கத் தொடர் கொலையாளிகளைப் பற்றியே இருந்தால் அந்தப் படிப்பை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அன்றாட வேலை சிறையில் இருப்பவரின் மனநிலை, சிகிச்சை, விடுதலைக்குப் பிந்தைய பாதுகாப்பு, நீதிமன்றம் கேட்கும் கேள்விகள் இவைதான்.

சட்டம் படிக்காதவர்கள் முதலில் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வழக்கை எதிர்கொள்ளும் தகுதி வேறு, குற்றப் பொறுப்பு வேறு. முதலாவது இன்றைய நிலை: நடப்பது அவருக்குப் புரிகிறதா, வக்கீலோடு பேச முடிகிறதா? இரண்டாவது சம்பவம் நடந்த நேரத்து மனநிலை. 1843இல் பிரிட்டிஷ் பிரதமரின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்ட டேனியல் மெக்நாட்டனின் வழக்குக்குப் பின் நீதிபதிகள் வகுத்த விதி இந்த இரண்டாவதைப் பற்றியது. மனநோயால், தான் செய்வது என்னவென்றோ அது தவறென்றோ அறியாமல் இருந்தாரா என்று அது கேட்கிறது. உங்கள் நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

புள்ளியியலைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு தாள் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு பேரில் 5 பேர் வன்முறையில் இறங்கப் போகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் மதிப்பீடு வன்முறையில் இறங்குவோரையும் இறங்காதோரையும் 80 சதவீதம் சரியாகச் சொல்லும். அப்படியானால் அந்த ஐவரில் 4 பேரைப் பிடிக்கும். மீதி 95 பேரில் 19 பேரையும் ஆபத்து என்று சொல்லும். ஆக, நாம் குறித்த 23 பேரில் 19 பேர் எதுவும் செய்யப் போகாதவர்கள். முதல்முறை இதைப் போட்டபோது என் வார்டில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அன்று இரவு தூங்கவில்லை.

இதனால்தான் கருவி தரும் மதிப்பெண்ணை மட்டும் நம்பக் கூடாது. வன்முறை அபாயத்தை மதிப்பிட உதவும் எச்.சி.ஆர்-20 கருவியின் 2013 பதிப்பில் 20 அம்சங்கள்: 10 கடந்த காலம், 5 இன்றைய நிலை, 5 இனி வரப்போகும் சூழல். கூட்டித் தீர்ப்புச் சொல்ல அல்ல, எதையும் விட்டுவிடாமல் யோசிக்கத்தான் அந்தப் பட்டியல். அவருடைய வழக்குக் கோப்பு முழுவதையும் படிக்காமல் அதை நிரப்பாதீர்கள். உளவியலாளர் ராபர்ட் ஹேரின் சைக்கோபதி (குற்ற உணர்வும் இரக்கமும் குறைந்த ஆளுமை) பட்டியலை முறையான பயிற்சி இல்லாமல் யார் மீதும் போட்டுப் பார்க்க வேண்டாம்.

என் அந்த ஒரு வரி கடைசியில் இப்படி ஆனது: 'மருந்தை நிறுத்திக் குடிக்கத் தொடங்கி, அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்த நாட்களில்தான் முந்தைய இரண்டு தாக்குதல்களும் நடந்தன. தனியே தங்கி ஊசி மருந்து தொடர்ந்த காலத்தில் எதுவும் நடக்கவில்லை.' படிக்கும் நீதிபதிக்கு எதைச் செய்யலாம் என்பதும் இதில் தெரிகிறது.

அப்புறம், நேர்காணல். எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். நர்ஸாக இருந்தபோது நம்பிக்கையைச் சம்பாதிப்பதே வேலை. இங்கே உட்கார்ந்த உடனே, யார் அனுப்பினார்கள், சொல்வது அறிக்கையில் போகும், பதில் சொல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் ஒருவர் பாதியில், "சிஸ்டர், இதை மட்டும் எழுதாதீங்க" என்றார். தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன், ஆனாலும் என் குரலில் அவர் கேட்டது நர்ஸைத்தான். அன்றிலிருந்து பேச்சு நெருக்கமாகும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி நினைவூட்டுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒருவருக்குச் சிகிச்சை தருபவரே அவரைப் பற்றி நீதிமன்றத்துக்கு மதிப்பீடு எழுதுவதை முடிந்தவரை தவிருங்கள்.

ஆய்வேட்டுக்குச் சிறைவாசிகளை நேரில் சந்திக்கத் திட்டமிட்டால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆகலாம். பூட்டிய அறையில் இருப்பவர் 'மாட்டேன்' என்று சுதந்திரமாகச் சொல்ல முடியுமா என்று குழு கேட்கும், கேட்கத்தான் வேண்டும். காலம் குறைவென்றால் பெயர் நீக்கிய பழைய பதிவேடுகளோ ஊழியர்களின் அனுபவமோ போதும்.

வாக்குமூலங்களையும் குற்றச் சம்பவப் புகைப்படங்களையும் இரவில் தனியாகப் படிக்காதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரோடு பேசுவதை ரத்து செய்யாதீர்கள். வேலை குவிந்து கிடக்கும் வாரத்தில் அது இன்னும் அவசியம்.