முதல் பீருக்குக் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? நொதிகலனைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வீட்டில் பீர் காய்ச்சக் கிளம்புகிறவர்கள் மால்ட் (முளைகட்டிய தானியம்), ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ), ஈஸ்ட் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, எதில் நொதிக்க வைப்பது என்ற இடத்தில் தடுமாறுவார்கள். கார்பாய் எனப்படும் குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடிக் குடுவை பார்க்க அழகு. பிளாஸ்டிக் வாளி அப்படியில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆரம்பத்தில் உணவுத்தர பிளாஸ்டிக் வாளியே போதும். கண்ணாடி தேவைப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு, ஆனால் முதல் பீர் அதில் ஒன்றல்ல. ஆங், உங்கள் பகுதியில் வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

படி 1: எத்தனை நாள் உள்ளே இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

பிளாஸ்டிக் சுவர் வழியாக ஆக்சிஜன் மிக மெதுவாக உள்ளே ஊடுருவும். வாளி செய்யும் எச்டிபிஈ வகைப் பிளாஸ்டிக்கில் இது கூடுதல், பெட் வகைப் பிளாஸ்டிக் கார்பாயில் குறைவு, கண்ணாடியில் அறவே இல்லை. ஆக்சிஜன் பட்ட பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரண ஏல் வகை பீர் இரண்டு மூன்று வாரத்தில் பாட்டிலுக்குப் போய்விடுகிறது. அதுவரை ஈஸ்ட் விடும் கார்பன் டை ஆக்சைடு மேலே நிறைந்து நிற்கும். அந்தச் சில நாளில் கசியும் ஆக்சிஜன் நாக்கில் தெரியாது.

மாதக்கணக்கில் கலனிலேயே கிடக்க வேண்டிய புளிப்பு பீர், அடர்த்தியான பீர் என்றால் கதை வேறு. அங்கே கண்ணாடிதான் சரி. முதல் முறையே அதில் இறங்குகிறவர்கள் அபூர்வம்.

படி 2: கொள்ளளவு

20 லிட்டர் பீருக்கு 20 லிட்டர் கலன் வாங்காதீர்கள். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது நுரை பொங்கி ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீரடைப்பு) வழியாக வெளியே வழியும். 25 லிட்டராவது வேண்டும். கோதுமை பீர் என்றால் இன்னும் தாராளமாக 30 லிட்டர்.

படி 3: பிளாஸ்டிக் கலனைப் பார்த்து வாங்குவது

கலனைக் கவிழ்த்து அடியில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். 1 என்றால் பெட், 2 என்றால் எச்டிபிஈ, 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்கிறது. உணவுக்கு ஏற்றதா என்பது வேறு விஷயம்; அதற்குக் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட சின்னம் இருக்கிறதா என்று தேடுங்கள், அல்லது உணவுத்தரம் என்று எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். ஊறுகாயோ வேறு நெடியுள்ள பொருளோ இருந்த வாளி வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஏறிய வாசனை சோப்புக்கு அசையாது, பீரில் இறங்கிவிடும். உள்பக்கம் விரலால் தடவி, கீறல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடியில் குழாய் வைத்த வாளி வசதிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயைக் கழற்றிப் பிரித்துக் கழுவ வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் குழாய் இல்லாததை எடுத்துக்கொண்டு சைஃபன் குழாயால் இறக்குங்கள்.

படி 4: இல்லை, கண்ணாடிதான் வேண்டும் என்றால்

முதலில் எடை. 23 லிட்டர் கண்ணாடிக் கார்பாய் காலியாகவே ஆறேழு கிலோ வரும். 20 லிட்டர் பீரோடு சேர்த்தால் ஒருவர் தூக்குவது ஆபத்து. சானிடைசர் பட்ட ஈரக்கையில் அது வழுக்கும். உடைந்தால் வரும் வெட்டுகள் தையல் போடுகிற அளவுக்குப் போகும். கழுத்தில் மாட்டும் கைப்பிடி காலிக் கலனை நகர்த்த மட்டுமே. நிறைந்த கலனை அடியிலிருந்து தாங்கும் பட்டையிலோ உறுதியான கிரேட்டிலோ வைத்து நகர்த்துங்கள். அதைவிட நல்லது, நொதிக்கப்போகும் இடத்தில் கலனை முதலில் வைத்துவிட்டு அங்கேயே வோர்ட்டை (நொதிக்காத மால்ட் சாற்றை) ஊற்றுவது.

கொதிக்கும் வோர்ட்டைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஆறிய பிறகு ஊற்றுங்கள். ஈஸ்ட்டுக்கும் அந்தச் சூடுதான் நல்லது. வெளிச்சத்தையும் மறக்காதீர்கள்: ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் ஒளி பட்டுச் சிதைந்து மட்டமான கந்தக வாடை கிளப்பும். கனமான கறுப்புத் துணியால் போர்த்திவிடுங்கள். ஒளி ஊடுருவும் பெட் கலனுக்கும் இதே கதிதான்.

குறுகிய கழுத்தில் நுரையும் ஹாப்ஸும் அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி அடைப்பான் தெறிக்கும், கண்ணாடியே உடையவும் வாய்ப்புண்டு. முதல் சில நாளுக்கு ஏர்லாக் போடாமல், அகலமான குழாய் ஒன்றைக் கழுத்தில் செருகி மறுமுனையைச் சானிடைசர் உள்ள பாத்திரத்தில் முக்கி வையுங்கள்.

படி 5: கழுவுவது

கண்ணாடியைப் பிரஷ் போட்டுத் தேய்க்கலாம், ஒன்றும் ஆகாது. பிளாஸ்டிக்கைக் கம்பி நாரால் தேய்த்தீர்களோ, போச்சு. கண்ணுக்குத் தெரியாத கீறலில் லாக்டோபசில்லஸ் போன்ற பாக்டீரியா குடியேறும், அங்கே சானிடைசர் சரியாக எட்டாது. காரணம் தெரியாமல் ஒவ்வொரு பீரும் புளித்துக்கொண்டே போகும். அதனால் தேய்க்காமல் ஊற வையுங்கள்: சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க விட்டால், கலனின் மேல்விளிம்பில் காய்ந்து ஒட்டிய பழுப்பு வளையம் மெல்லிய துணிக்கே வந்துவிடும். பெட் கலனில் கொதிநீர் ஊற்றினால் நசுங்கிக் கோணலாகிவிடும், கவனம்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு போனபின் ஸ்டார் சான் போன்ற அமிலச் சானிடைசரை, பாட்டிலில் குறித்துள்ள அளவில் கலந்து எல்லாப் பக்கமும் நனையும்படி விடுங்கள். மிஞ்சும் நுரையை அலச வேண்டியதில்லை. ப்ளீச்சையும் அமிலச் சானிடைசரையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும்.

படி 6: மூடிய பிறகு

வாளி மூடி ஓரத்தில் வாயு கசிவது சகஜம். ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்று ஈஸ்ட்டைக் குறை சொல்லாதீர்கள். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள்: இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாக இருந்தால், எதிர்பார்த்த அளவுக்கும் இறங்கியிருந்தால், நொதித்தல் முடிந்தது. வாளியில் மூடியைத் திறந்து மாதிரி எடுப்பது எளிது. ஹாப்ஸை நடுவில் சேர்ப்பதும் அப்படியே. கார்பாயில் இரண்டும் கொஞ்சம் சர்க்கஸ்.

பிளாஸ்டிக் கலனைத் தூக்கும்போது பக்கங்கள் நெளியும், ஏர்லாக்கில் உள்ள நீர் உள்ளே உறிஞ்சப்படும். நகர்த்தும் முன் ஏர்லாக்கைக் கழற்றி, துளையைச் சானிடைசரில் நனைத்த ஃபாயிலால் மூடிவிட்டால் தொல்லை இல்லை.

வாளியின் உள்ளே கீறல் தெரிந்தாலோ கழுவியும் வாசம் போகாவிட்டாலோ புதியது வாங்குங்கள். பழையதை பாட்டில் ஊறப்போட வைத்துக்கொள்ளலாம். வெளியே மார்க்கரால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை அவசரத்தில் கை அதற்கே போகும்.