டிரம் மாட்யூலைக் கணினியில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டில் வைத்து டிரம் பதிவு செய்வது லேசான காரியம் இல்லை. மைக் வைத்தால் பக்கத்து விசைத்தறியின் சத்தமும் தாளத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும். அதனால்தான் மின்னணு டிரம்மை இந்த ஊர்களுக்குக் கிடைத்த வரம் என்கிறேன். பேடுகளில் விழும் அடியை ஒலியாக மாற்றும் பெட்டியான மாட்யூலிலிருந்து கேபிள் வழியே நேராகக் கணினிக்குப் போவதால், தறி எவ்வளவு ஓடினாலும் பாதகமில்லை. ஆனால் அந்தக் கேபிளில் போவது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் மாட்டுபவர்களே அதிகம்.

பல மாட்யூல்களில் யுஎஸ்பி வழியாக ஒலி போகாது. மிடி மட்டும்தான் போகும். மிடி என்பது ஒலி அல்ல, குறிப்பு. எந்தப் பேடில், எந்தக் கணத்தில், 1 முதல் 127 வரையிலான அளவில் எவ்வளவு அழுத்தமாக அடி விழுந்தது என்ற தகவல் அது. ஒவ்வொரு பேடுக்கும் தனி எண் உண்டு: 36 என்றால் கிக் (காலால் மிதிக்கும் டிரம்), 38 என்றால் ஸ்நேர். வள்ளி கும்மிப் பாட்டு ஒன்றுக்கு அரை மணி நேரம் வாசித்த நண்பர், போட்டுக் கேட்டால் பியானோ ஒலிக்கிறது என்று பதறிப்போய் என்னை அழைத்தார். வாசிப்பில் ஒரு அடிகூடக் கெடவில்லை. மென்பொருளில் பியானோவை எடுத்துவிட்டு டிரம் ஒலியை வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. ஒலியாக இல்லாமல் குறிப்புகளாகப் பதிவானதில் இது ஒரு பெரிய வசதி. ஒலியைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

அடித்த பிறகு சற்றுத் தாமதித்து ஒலி கேட்கிறதா? பேடைக் குறை சொல்லாதீர்கள். மென்பொருளில் பஃபர் அளவை, அதாவது கணினி எத்தனை ஒலி மாதிரிகளைச் சேர்த்து வைத்து அனுப்புகிறது என்பதைப் பாருங்கள். விநாடிக்கு 44,100 மாதிரி (44,100 ஹெர்ட்ஸ்) என்ற வேகத்தில் அது 1024 என்று இருந்தால் அது மட்டுமே 23 மில்லி விநாடி தாமதம். 128 என்று குறைத்தால் ஏறத்தாழ 3. விண்டோஸ் கணினியில் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ (ASIO) டிரைவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தாமதத்தோடு வாசிப்பவரின் கை, தன்னை அறியாமல் காலப்பிரமாணத்தை விட்டு நகர்ந்துவிடும். இதை அலட்சியப்படுத்தவே கூடாது. ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்டால், மாட்யூலின் ஒலியும் மென்பொருளின் ஒலியும் சேர்ந்து வருகின்றன என்று பொருள், ஒன்றைக் குறைத்துவிடுங்கள்.

மாட்யூலின் சொந்த ஒலிதான் வேண்டும் என்றால், அதன் லைன் அவுட்டிலிருந்து, ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் தனிப் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்குக் கொடுங்கள். மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் ஒலி உடைந்துபோகும். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் கேபிள் வேண்டும். இடப்பக்கம் மட்டும் மாட்டினால் பெரும்பாலான மாட்யூல்கள் மோனோவாகக் கொடுத்துவிடும். டாம் டிரம்களில் இடமிருந்து வலமாக உருண்டோடும் வாசிப்பு ஒரே இடத்தில் நின்றுவிடும். மிகப் பலமான அடியே மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ரிவெர்பை (எதிரொலி போன்ற விளைவை) அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒலியோடு ஒட்டிப் பதிவானதைப் பிறகு பிரித்தெடுப்பது அரிது.

'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் கோளாறு எர்த் இணைப்பு சார்ந்தது. எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சிலர் பிளக்கின் எர்த் முள்ளையே எடுத்துவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். உயிர் போகும் விஷயம் அது.