இருட்டிய பின் ஜன்னல் ஃபிலிம் மறைக்குமா? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

வெளியிலிருந்து அறை தெரியாமலிருக்க ஜன்னலில் மிரர் ஃபிலிம் என்ற பிரதிபலிக்கும் மெல்லிய ஒட்டுத்தாளை ஒட்டிய முதல் இரவில், அந்தக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடியே தலைவாரிக்கொண்டிருந்தேன். அது என்னையே அவ்வளவு தெளிவாகக் காட்டியதால், வெளியே நிற்பவருக்கும் அறை தெரியாது என்று நம்பிவிட்டேன். சற்று நேரம் கழித்துக் குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பியபோது, சுவர்க் கடிகாரத்தின் நிமிட முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பது வரை வாசலில் இருந்தே தெரிந்தது. உள்ளே நின்றுகொண்டு ஃபிலிமைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

பிரதிபலிக்கும் மிரர் ஃபிலிம், பால் நிறத்தில் மங்கலாக இருக்கும் ஃப்ராஸ்டட் ஃபிலிம், ஒளியே புகாத ஃபிலிம் என்று மூன்று வகைகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மூன்றாவது வகை இரவும் பகலும் முழுமையாக மறைக்கும். ஆனால் ஜன்னலைச் சுவராக்கிவிடும் என்பதால் அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

படி 2: மிரர் ஃபிலிமின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மிக மெல்லிய உலோகப் பூச்சு கொண்ட இந்த ஃபிலிமை ‘ஒருவழி’ என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அது ஒளியை இரு திசைகளிலும் ஒரே அளவில்தான் ஊடுருவ விடுகிறது. எந்தப் பக்கம் வெளிச்சம் மிகுதியோ, அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடியாகவும், இருட்டில் இருப்பவருக்குச் சாதாரண ஜன்னலாகவும் அமைகிறது.

எடுத்துக்காட்டாக, விழும் ஒளியில் 60 சதவீதத்தைத் திருப்பியனுப்பி, 15 சதவீதத்தை மட்டும் உள்ளே விடும் ஃபிலிம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பகல் நிழலில் வெளியே 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அறைக்குள் 200 லக்ஸ் வெளிச்சம் இருந்தால், வெளியே நிற்பவரின் கண்ணுக்குப் பிரதிபலிப்பின் பங்காக 6,000, அறையின் பங்காக வெறும் 30 என்ற விகிதத்தில் ஒளி வருகிறது. ஆகவே அறை மறைந்துபோகிறது. இரவில் வெளியே தெருவிளக்கின் 5 லக்ஸ் மட்டும் இருக்கும்போது, பிரதிபலிப்பு 3 ஆகச் சுருங்க, அறையிலிருந்து வருவது அதே 30 ஆகவே நிற்கிறது. தோராயமான கணக்குதான் என்றாலும், அறையே பத்து மடங்கு ஓங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான். வாசலில் விளக்குப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இந்தக் கணக்கின்படி, இரண்டும் சமமாவதற்கே வெளி வெளிச்சம் 50 லக்ஸாக உயர வேண்டும். மறைவதற்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். அண்டை வீட்டார் அதைப் பொறுத்துக்கொள்வார்களா என்பது வேறு கதை.

படி 3: ஒட்டுவதற்கு முன்பே இரவில் சோதியுங்கள்

மாதிரித் துண்டு ஒன்றைச் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கண்ணாடியில் பதியுங்கள். நன்றாக இருட்டிய பிறகு, வழக்கமாகப் போடும் விளக்குகள் அனைத்தையும் போட்டுவிட்டு, வீட்டில் ஒருவரைக் கண்ணாடியை ஒட்டியும், பிறகு 1 மீட்டர், 3 மீட்டர் தள்ளியும் நின்று விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நின்று அந்தத் துண்டின் வழியாக விரல்களை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். கைபேசிப் படத்தை நம்ப வேண்டாம். அது இருட்டைத் தானாகவே வெளிச்சமாக்கிக் காட்டும்.

படி 4: ஃப்ராஸ்டட் என்றால் நிழலைக் கவனியுங்கள்

இது ஒளியைச் சிதறடிப்பதால் இரவிலும் முகத்தையோ பொருள்களையோ அடையாளம் காண விடாது. குளியலறைக்கு என் தேர்வு இதுவே. ஆனால் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரியும். கையைப் பின்னுக்கு இழுக்க இழுக்க அது வெறும் நிறத்திட்டாகக் கரைந்துவிடும். விளக்கு உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் உங்கள் நிழல் ஃபிலிமின் மீது விழும். உங்களுக்கும் ஜன்னலுக்கும் இடையில் இருந்தால் நிழல் எதிர்ச்சுவரில் விழும். ஆகவே, விளக்கை ஜன்னல் இருக்கும் சுவரின் பக்கமாக மாற்றுவதே செலவு குறைந்த வழி.

படி 5: மிரர் ஃபிலிமுக்குத் துணை தேடுங்கள்

இரவில் தடித்த திரைச்சீலையை இழுத்துவிடுவதைத் தவிர நம்பகமான வழி வேறில்லை. மெல்லிய வலைத்திரை உதவாது. அதுவும் பகலில் மறைத்து இரவில் காட்டிக்கொடுக்கும் இனம்தான். விளக்கை மங்கலாக்கினால் ஓரளவு பயன் கிடைக்கும். ஆனால் தொலைக்காட்சித் திரை அப்போதும் பளிச்சென்று தெரியும்.

படி 6: ஒட்டிய பிறகு மீண்டும் சோதியுங்கள்

கண்ணாடியைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளி ஒட்ட வேண்டும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்றால், வெப்பத்தை உறிஞ்சும் ஃபிலிமால் விரிசல் விழக்கூடும் என்பதால் தயாரிப்பாளரின் குறிப்பை முதலில் படியுங்கள். தங்கிய ஈரம் சில நாள்கள் வரை ஃபிலிமை மங்கலாகக் காட்டும். அது முழுவதும் காய்ந்த பிறகு படி 3-இல் சொன்ன விரல் சோதனையை இன்னொரு முறை செய்து பார்க்கும்வரை, பழைய திரைச்சீலையைக் கழற்ற வேண்டாம்.