மூங்கில் குழலில் ஜாஸ்: நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழி

கர்நாடக சங்கீதத்தில் குழல் ஓரளவு படித்துவிட்டு, ஜாஸ் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "வெள்ளிக் குழல் வாங்கணுமா?" என்றுதான். வேண்டாம். அதன் விலையைக் கேட்டால் ஆசையே போய்விடும். கையில் இருக்கிற எட்டுத் துளை மூங்கிலே போதும், ஆனால் ஜாஸின் வேர்களில் ஒன்றான ப்ளூஸில் தொடங்குங்கள்.

ஏன் ப்ளூஸ்? அரைத்துளை எதுவும் பிடிக்காமல் விரல்களை வரிசையாகத் திறந்துகொண்டே போனால் நம் குழலில் தானாக வருவது ஹரிகாம்போதி ராகம். அதில் இருப்பது அந்தரக் காந்தாரம் (உயர்ந்த 'க'), கைசிகி நிஷாதம் (தாழ்ந்த 'நி'). ச, க, ப, நி நாலையும் சேர்த்து அடித்தால் அதுதான் ஜாஸ்காரர்கள் டாமினன்ட் செவன்த் என்று சொல்லும் கார்ட், ப்ளூஸ் முழுக்க நிற்பது அந்த வகைக் கார்டின் மேல்தான். அதாவது பாதி வேலையைக் குழல் செய்த ஆசாரியே முடித்துக் கொடுத்துவிட்டார்.

முதலில் சுருதி. யூடியூபில் கிடைக்கும் ப்ளூஸ் பேக்கிங் டிராக்குகளில் (நாம் கூட வாசிக்கப் பின்னணி மட்டும் ஓடும் பதிவுகள்) நிறைய எஃப், பி ஃபிளாட் சுருதிகளில்தான் இருக்கும், ஊதுகிற பித்தளை வாத்தியங்களுக்கு அது வசதி. எஃப் என்றால் நமக்கு 4 கட்டை, பி ஃபிளாட் என்றால் 6½. உங்களிடம் 5 கட்டைக் குழல்தான் இருக்கிறது என்றால் ஜி ப்ளூஸ் என்று தேடுங்கள், வேறு குழல் வாங்க ஓடாதீர்கள். சித்திரை வெயிலில் உள்ளே இருக்கும் காற்று சூடாகிச் சுருதி கொஞ்சம் ஏறும், குழலை உதட்டுப் பக்கம் லேசாக உருட்டினால் இறங்கிவிடும்.

இப்போது தாளம். பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்று பயமுறுத்துவார்கள். பார் என்பது மேற்கத்தியத் தாளத்தின் ஒரு கட்டம், அதற்கு 4 அட்சரம், மொத்தம் 48, ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம், அவ்வளவுதான். முதல் இரண்டு ஆவர்த்தனமும் 'ச' கார்ட். மூன்றாவது 'ம' கார்ட், அதன் ஸ்வரங்கள் ம, த, ச, சாதாரணக் காந்தாரம் (தாழ்ந்த 'க'). நான்காவதில் மறுபடி 'ச'. ஐந்தாவதில் முதல் பாதி 'ப' கார்ட், அதாவது ப, காகலி நிஷாதம் (உயர்ந்த 'நி'), ரி, ம. பின்பாதி 'ம'. ஆறாவதில் 'ச'வுக்குத் திரும்பி உட்கார வேண்டும். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு அடியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடி, அப்புறம்தான் கதை நகரும் இல்லையா, அதே மாதிரிதான் ப்ளூஸும்: முதல் இரண்டு ஆவர்த்தனத்தில் ஒரு வாக்கியம், அடுத்த இரண்டில் அதே வாக்கியம், கடைசி இரண்டில் பதில்.

இந்த ஆறு ஆவர்த்தனத்துக்கும் சேர்த்து ஹரிகாம்போதிக்கு வெளியே நீங்கள் தொட வேண்டியது இரண்டே ஸ்வரம், சாதாரணக் காந்தாரமும் காகலி நிஷாதமும். நிஷாதம் ஐந்தாவது ஆவர்த்தனத்தின் முன்பாதியில் மட்டும் எட்டிப் பார்க்கும், மூன்றாவது துளையைப் பாதி மூடினால் வந்துவிடும். காந்தாரம்தான் விஷயமே. எல்லாம் திறந்திருந்தால் அந்தரம், இடக்கை ஆள்காட்டி விரலால் முதல் துளையைப் பாதி மூடினால் சாதாரணம், இரண்டுக்கும் நடுவில் எங்கோ ப்ளூஸின் அழுகை இருக்கிறது. பியானோக்காரருக்கு அந்த இடம் கிடையாது, அவர் இரண்டு கட்டையையும் ஒட்டி அடித்து ஏமாற்றுவார். நமக்கு ஒரே விரலின் கீழே இருக்கிறது. பாதி மூடி ஊதத் தொடங்கி மெதுவாக விரலை விலக்குங்கள், முழுதும் திறப்பதற்குள் நிறுத்தி ஷட்ஜத்துக்கு இறங்குங்கள். ஒரு வாரம் இதை மட்டும் வாசித்தாலும் தப்பில்லை.

இங்கே நம் ஆட்கள் செய்கிற ஒரு காரியம், அந்தக் காந்தாரத்தைப் பிடித்து ஆட்டிவிடுவது. கம்பிதம் வந்த உடனே அது ஆலாபனையாகிவிடும், பின்னால் ஓடுகிற டிரம்ஸ் அனாதையாகிவிடும். ஜாஸில் ஸ்வரத்தை நேராகப் பிடி, கடைசியில் வேண்டுமானால் சரியவிடு. அப்புறம் ஸ்விங், அதாவது ஜாஸின் அந்த ஊஞ்சல் நடை. ஒவ்வொரு அட்சரத்தையும் திஸ்ர நடையில் 'தகிட' என்று எண்ணி, 'த'விலும் 'ட'விலும் மட்டும் வாசித்து 'கி'யை விழுங்கிவிடுங்கள். துத்துக்காரத்தை (நாக்கால் ஸ்வரத்தைத் தட்டித் தொடங்குவது) 'ட'வில் போட்டு, அதை அறுக்காமல் அடுத்த அட்சரத்தின் 'த'வோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். நாம் பழகியது இதற்கு நேர் எதிர் என்பதால் நாக்கு கொஞ்ச நாள் சண்டை போடும். கையால் தாளம் போட்டால் 2, 4-இல் தட்டுங்கள், 1-இல் தட்டினால் பஜனை மாதிரி ஆகிவிடும்.

யாரைக் கேட்பது? ஜாஸுக்குள் குழல் வந்தது தாமதமாகத்தான், டிரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் அதன் சத்தம் எடுபடாது. கியூபாக்காரர் ஆல்பர்ட்டோ சொக்காராஸ் 1920களின் கடைசியிலேயே குழலில் தனி வாசித்துப் பதிந்திருக்கிறார், 30களில் சிக் வெப் குழுவில் வேமன் கார்வர் வாசித்தார். ஆனால் ஊர் கவனித்தது 1953-இல் ஃபிராங்க் வெஸ் கவுன்ட் பேஸி குழுவில் சேர்ந்த பிறகுதான். அந்தக் காலத்தில் பலர் சாக்ஸபோன்காரர்கள், குழல் இரண்டாவது வாத்தியம். ஹெர்பி மேன் அதை முதல் வாத்தியமாக்கிக்கொண்டு பெயரும் பணமும் சம்பாதித்தார். ஹூபர்ட் லாஸ் ஜூலியார்டில் முறையாகப் படித்தவர், சுத்தமான நாதம் வேண்டுமென்றால் அவர். இன்றைக்கு சிகாகோவோடு அடையாளம் காணப்படும் நிக்கோல் மிட்செலையும் விட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் எரிக் டால்ஃபிதான். நம் நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் மறைந்த அதே 1964-இல்தான் இவரும் போனார், ஜூன் மாதம் பெர்லினில், 36 வயது. சில வாரங்களுக்கு முன் ஹாலந்தில் பதிவான 'லாஸ்ட் டேட்' இசைத்தட்டில் ஒரு மெதுவான பாட்டைக் குழலில் வாசிக்கிறார், முன்னால் தனியாக ஊதும் பகுதியைக் கேளுங்கள். பறவைகளோடு சேர்ந்து வாசித்திருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கம் இருக்கிறவர்கள் இதைப் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். யூசெஃப் லதீஃப் 1961-இல் பதிந்த 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்' தட்டில் ஒரு சீன மண் குழலை வைத்தே ப்ளூஸ் மணம் கொண்டுவந்துவிடுகிறார். சில ஸ்வரங்கள்தான் அதில். வெள்ளிக் குழல் இல்லையே என்று புலம்புகிறவர்களுக்கு அது நல்ல மருந்து.

ராஹ்சான் ரோலண்ட் கிர்க் வேறு ரகம். பார்வையில்லாதவர், ஒரே நேரத்தில் மூன்று வாத்தியம் ஊதுவார், குழலில் ஊதிக்கொண்டே தொண்டையால் பாடுவார். இது மூங்கிலிலும் நன்றாக வரும். முதலில் கீழ் ஷட்ஜத்தை முனகிக்கொண்டு நடு ஷட்ஜத்தை ஊதுங்கள், இரண்டும் நின்றபின் ஊதுகிற ஸ்வரத்தையே கூடப் பாடிப் பாருங்கள். காற்று இரண்டு மடங்கு செலவாகும், தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள்.

'சங்கீதத்தைக் கெடுக்கிறாய்' என்று வீட்டில் யாராவது பெரியவர் சொன்னால், 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரே வெள்ளைக்கார பேண்ட் மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்யம் எழுதியவர் என்று பணிவாக ஞாபகப்படுத்தலாம். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பயிற்சிக்குக் குறுக்குத்துறைப் படித்துறை அழகான இடம்தான், ஆனால் ஆனி ஆடியில் வேண்டாம். கணவாய்க் காற்று உதட்டிலிருந்து கிளம்பும் காற்றைத் துளைக்குப் போகவே விடாது, தென்காசி பக்கம் இன்னும் மோசம். அந்த மாதங்களில் கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள். மேடையில் மைக்கை வாய்த்துளைக்கு நேரே வைத்தால் புஸ்புஸ் என்று கேட்கும், சற்று மேலே, விரல்கள் பக்கமாகச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள்.

டிராக்கோடு பழகியபின் மனுஷர்களோடு வாசிக்கணும். பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிற பையன்கள் இருக்கிறார்கள், கார்ட் எல்லாம் அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு, 'எஃப்-ல ட்வெல்வ் பார்' என்று சொன்னால் போதும். கூட மிருதங்கமோ கஞ்சிராவோ இருந்தால் அவரிடம் பார் கணக்கெல்லாம் பேசாதீர்கள். ஆதி தாளம், திஸ்ர நடை, ஆறு ஆவர்த்தனத்துக்கு ஒரு சுற்று, சுற்றின் கடைசியில் சின்னதாக ஒரு தீர்மானம் (முடிக்கும் சொற்கட்டு), முழு கோர்வை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் தனிக்கு நடுவில் அவர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்துவிடுவார்.